"பாய்" என்றால் பால்

எங்கள் ஆலயத்தில் கடைசி வாங்கின் வலது மூலையில் ஒவ்வொரு ஞாயிறும் தன் அம்மாவோடு வந்து அமரும் அண்ணாவை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். முதல் பாட்டுக்கு எல்லோரோடும் சேர்ந்து கைதட்டுவார். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டுவார். வயது 31. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர். சில சொற்கள் மட்டும் பேசுவார். அவையும் பழகியவர்களுக்குத்தான் விளங்கும்.

வாலிபர் சங்கத்தில் இருக்கும் நாங்கள் அநேகமாக எல்லோரும் அவருக்கு இளையவர்கள். அவரைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனாலும் போன வருடம் வரை நாங்கள் அவரோடு கதைத்ததில்லை. அவரைப் பற்றி அவருடைய அம்மாவிடம் கதைத்திருக்கிறோம். "அன்ரி, இவர் சாப்பிட்டிட்டாரோ?" என்று, அவர் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டிருக்கிறோம்.

போன ஜனவரியில் அன்ரிக்குப் பித்தப்பையில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. அந்தப் பன்னிரண்டு நாட்களும் அண்ணாவை ஒரு தற்காலிகப் பராமரிப்பு இல்லத்தில் விடவேண்டி வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் நல்ல மனிதர்கள். சுத்தமான அறை, நேரத்துக்குச் சாப்பாடு, சிரித்த முகம். இரண்டாம் நாள் காலையில் அண்ணா, "பாய், பாய்" என்றார். வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்கிறார் என அவர்கள் நினைத்தார்கள். அவர்களும் "பாய், பாய்" என்று கையசைத்தார்கள். பிறகு மனம் இரங்கி, கோட்டும் பனிச்சப்பாத்தும் போட்டு, ஒரு சுற்று நடக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் வாசலில் இருந்து கத்தினார். சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். மூன்றாம் நாளும் இதேதான், நான்காம் நாளும் இதேதான். கோப்பில் "வன்முறை நடத்தை" என்று எழுதப்பட்டது. சாப்பாடும் குறைந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் எங்கள் சபை அக்கா ஒருவர் பார்க்கப் போயிருந்தார். அவர் கேட்ட மாத்திரத்திலேயே குசினிக்குப் போய், ஒரு கோப்பை பாலைச் சூடாக்கி, சீனி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அண்ணா குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம். அவருடைய வாயில் "பால்" என்ற சொல் "பாய்" என்று வரும். முப்பது வருடமாகக் காலையில் எழுந்ததும் அவர் கேட்பது அதைத்தான்.

அன்ரி வைத்தியசாலையில் இருந்து வந்தபின் இதைக் கேட்டு அழுதார். "அவையளை நான் குற்றம் சொல்லேல்லை. நானும் சொல்ல மறந்திட்டன். ஆனால் நான் இல்லாத காலத்திலை இவன் பால் கேட்டால் ஆருக்கு விளங்கும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்பு இருந்தால் எல்லாம் தானாக வரும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அந்த இல்லத்திலும் அன்புக்குக் குறைவில்லை. அங்கே இல்லாதது வேறொன்று. அது என்ன என்று தெரிந்துகொள்ள இந்த வருடம் மூன்று சனிக்கிழமைகளை ஒதுக்கினோம். எங்கள் சபையிலேயே இந்தத் துறையில் வேலை செய்கிற மூவர் இருக்கிறார்கள்: விசேட பராமரிப்பு படித்த அந்த அக்கா, ப்ரெபோசேயாக வேலை செய்யும் ஓர் அண்ணன், தாதியாக இருக்கும் ஓர் அன்ரி. ஆலயத்தின் கீழ் மண்டபத்தில் அவர்கள் கற்றுத்தந்ததையும், அதைத் தொடர்ந்து நாங்கள் தேடி அறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இதை எழுத அம்மாவிடம் அனுமதி கேட்டோம். அண்ணாவிடமும் கேட்டோம். பழைய இதழைக் காட்டி, அவரைப் பற்றி இதில் எழுதலாமா என்றோம். தலையாட்டினார். படம் போடலாமா என்று கமராவைக் காட்டினோம். கையால் மறைத்துக்கொண்டார். அதனால்தான் இந்தக் கட்டுரையில் படம் இல்லை.

முதலில் சொற்கள்

கனடாவில் பாடசாலை ஆசிரியர் ஒருவர் "லேர்னிங் டிஸபிலிட்டி" என்று சொன்னால், வாசிப்பிலோ கணக்கிலோ ஒரு பிள்ளைக்கு இருக்கும் குறிப்பிட்ட சிரமத்தைத்தான் சொல்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் மாமி அதே சொல்லைச் சொன்னால், அவர் சொல்வது அறிவுசார் குறைபாட்டை. கியூபெக்கில் அதற்கு "டெஃபிசியான்ஸ் இன்டெலெக்சுயெல்" என்று பெயர். புதிய விஷயங்களைக் கற்பதிலும் அன்றாட வேலைகளைத் தானாகச் செய்வதிலும் சிறு வயதிலிருந்தே இருக்கும் சிரமம் இது. இது மனநோய் அல்ல. மருந்தால் மாறுவதும் அல்ல. ஆனால் சரியான துணை கிடைத்தால் ஒருவர் வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருக்கலாம்.

"புத்தி குறைஞ்சவன்", "சரியில்லாத பிள்ளை" என்று எங்கள் வீடுகளில் புழங்கும் சொற்களை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். முதல் சனிக்கிழமை முதல் வேலையாக அவற்றை விட்டுவிட முடிவு செய்தோம்.

அவரிடமே கேளுங்கள்

பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படுவது ஓர் எளிய பழக்கம். அந்த மனிதரைப் பார்த்து, அவரோடு பேசவேண்டும். பக்கத்தில் நிற்கும் தாயோடு அல்ல.

இங்குள்ள இல்லங்களில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு, பராமரிப்பில் இருக்கும் வளர்ந்தவர்களை "த்யூ" என்று அழைக்காமல் "வூ" என்று மரியாதையாக அழைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ப்ரெபோசே அண்ணன் இதைச் சொன்னபோது மண்டபம் சற்று அமைதியானது. ஏனென்றால் தமிழில் எங்களுக்கு "நீ", "நீர்", "நீங்கள்" என்று மூன்று படிகள் உண்டு. சபையில் எங்களைவிட ஒரு வயது கூடியவரைக்கூட "அண்ணா, வாங்கோ" என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் 31 வயதான ஒருவரை, எங்களில் பதினெட்டு வயதுக்காரர்கூட "அவன் பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவரைக் குழந்தையாக வைத்திருந்தது அவருடைய குறைபாடு மட்டுமல்ல. எங்கள் நாவும்தான்.

அடுத்தது காத்திருப்பது. ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணவேண்டும். நாங்கள் இரண்டு எண்ணுவதற்குள் கேள்வியை மாற்றிக் கேட்டுவிடுகிறோம். அவர் முதல் கேள்வியை யோசித்து முடிப்பதற்குள் இரண்டாவது வந்து அதைக் குழப்பிவிடுகிறது. "என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, தோடம்பழத்தையும் வாழைப்பழத்தையும் இரு கையில் பிடித்துக் காட்டினால் கண் எதன்மேல் போகிறது என்று தெரியும். கண் போவதும் ஒரு பதில். முகத்தைத் திருப்புவதும் ஒரு பதில்.

பர்திமேயு என்ற குருடனின் கதை எங்களுக்கு ஞாயிறு பாடசாலையிலேயே தெரியும். அவனுக்கு என்ன தேவை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஆண்டவர் அவனிடமே கேட்டார். அவன் வாயால் சொல்லும்வரை காத்திருந்தார். அந்தக் கதையில் இந்தக் கேள்வியை நாங்கள் இத்தனை வருடமாகக் கவனிக்கவில்லை.

கேட்பது வெறும் மரியாதை மட்டுமல்ல, உரிமையும்கூட. 2004ஆம் ஆண்டு அக்டோபரில், உலக சுகாதார நிறுவனமும் அதன் அமெரிக்கப் பிராந்திய அமைப்பும் நடத்திய மாநாடு எங்கள் நகரத்திலேயே கூடியது. அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட பிரகடனத்துக்கு மொன்றியல் பிரகடனம் என்று பெயர். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்ற எல்லோரையும் போலச் சம உரிமை உடையவர்கள், தம் வாழ்க்கை பற்றிய தீர்மானங்களில் அவர்களுக்கு இடமும் துணையும் வேண்டும் என்பது அதன் சாரம். 2022 நவம்பர் 1 முதல் கியூபெக் சட்டமும் மாறியிருக்கிறது. தீர்மானம் எடுக்கத் துணை தேவைப்படும் ஒருவர், தன் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், தான் நம்பும் ஒருவரைத் தன் உதவியாளராக அரச பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நடத்தையும் ஒரு மொழி

அண்ணா சப்பாத்தை எறிந்ததை "வன்முறை" என்று எழுதிய கை கெட்ட கை அல்ல. பழகாத கை. பயிற்சி பெற்றவர்கள் ஒரு சம்பவத்தை மூன்று பகுதியாக எழுதுவார்கள். அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பின் என்ன நடந்தது. மூன்று நாள் இப்படி எழுதியிருந்தால், மூன்று நாளும் ஒரே நேரம், ஒரே சொல், ஒரே கோட்டு என்பது தாளிலேயே தெரிந்திருக்கும். "ஏன் இப்படிச் செய்கிறார்?" என்ற எரிச்சல், "எதைக் கேட்கிறார்?" என்ற கேள்வியாக மாறியிருக்கும்.

இதில் உயிர் ஆபத்தும் உண்டு என்று தாதி அன்ரி சொன்னார். தன் கன்னத்தில் தானே அடித்துக்கொள்ளும் ஒருவருக்குப் பல்வலி இருக்கலாம். காதுக்குள் சீழ் இருக்கலாம். திடீரென்று சாப்பிட மறுப்பவருக்கு மலச்சிக்கல் இருக்கலாம். ஆனால் பார்ப்பவர்கள் "இது அவருடைய குறைபாட்டால் வருவது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். குறைபாடு என்ற பெயர் நோயை மறைத்துவிடும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒலிவர் மக்கோவன் என்ற 18 வயது இளைஞர் இருந்தார். ஓட்டிசமும் வலிப்பும் லேசான அறிவுசார் குறைபாடும் அவருக்கு இருந்தன. 2016இல் வலிப்புக்காக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டபோது, மனநோய்க்குக் கொடுக்கும் ஒரு வகை மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். ஆனாலும் அந்த வகை மருந்து கொடுக்கப்பட்டது. அதன் விளைவாக அவருடைய மூளை பாதிக்கப்பட்டது. அந்த நவம்பரில் அவர் இறந்தார்.

அவருடைய தாய் போலா மக்கோவன் வருடக்கணக்காகப் போராடினார். 2022இல் அந்த நாட்டில் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் சுகாதார, பராமரிப்புச் சேவைகளில் வேலை செய்யும் எல்லோரும் அறிவுசார் குறைபாடு பற்றியும் ஓட்டிசம் பற்றியும் தங்கள் வேலைக்குத் தக்க பயிற்சி பெறவேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஒலிவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதில் எங்களை மிகவும் தொட்டது ஒரு விஷயம். பயிற்சி கொடுப்பவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் ஓட்டிசம் உள்ளவர்களும் ஆசிரியர்களாக நிற்கிறார்கள்.

செய்து கொடுப்பதும் செய்ய விடுவதும்

எங்கள் அம்மாமாரின் பாசம் சோறு குழைத்து ஊட்டும் பாசம். அதில் தவறில்லை. ஆனால் 31 வயதிலும் சட்டை போட்டு, தலை இழுத்து, சப்பாத்துக் கட்டி விட்டால், அவர் அதைக் கற்கும் வாய்ப்பே வராது. நேரமும் இல்லை, பஸ் போய்விடும், நாங்களே செய்துவிடுவோம் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறோம்.

இதற்கு அக்கா ஒரு முறையைச் செய்து காட்டினார். ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியில் இருந்து கற்பிப்பது. குளிர்கால ஜக்கெட்டின் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே கோர்த்து, நெஞ்சுவரை நாங்கள் இழுத்துவிட வேண்டும். கடைசிச் சாணை அவர் இழுக்கவேண்டும். முடித்தது அவர் என்ற சந்தோஷம் அவருக்கு. அது பழகியபின் வயிற்றில் இருந்து அவர் இழுப்பார். பிறகு கீழிருந்து. கோர்ப்பது கடைசியாக வரும். முதல் படியில் இருந்து தொடங்கினால், மிகக் கடினமான இடத்திலேயே தோற்று, அதோடு வெறுத்துவிடுவார்.

அண்ணாவோடு பெப்ரவரியில் தொடங்கினோம். ஆராதனை முடிந்து வெளியே போகும்போது வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர். ஈஸ்டருக்குள் வயிற்றில் இருந்து கழுத்துவரை தானே இழுக்கக் கற்றுக்கொண்டார். கோர்ப்பது இன்னும் வரவில்லை. அடுத்த குளிர்காலம் இருக்கிறது.

உடம்பு கழுவிவிடும்போதும் இதே மரியாதைதான். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொடவேண்டும். கழுவாத பகுதியைத் துவாயால் மூடியிருக்கவேண்டும். தன்னால் முடிந்த இடத்தை அவரே கழுவ, துணியை அவர் கையில் கொடுக்கவேண்டும்.

வலிப்பு வந்தால் சாவி வேண்டாம்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட வலிப்பு அதிகமாக வருகிறது. ஆலயத்தில் வந்தால் என்ன செய்வோம் என்று கேட்டபோது, எங்களில் பாதிப்பேர் "கையிலை இரும்புச் சாவி குடுக்கவேணும்" என்றோம். வீட்டில் பெரியவர்கள் செய்வதைப் பார்த்ததுதான். சாவியால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தானாக நிற்கிறது. இறுக மூடிய கையில் இரும்பைத் திணித்தால் கைதான் காயப்படும்.

செய்யவேண்டியது இதுதான். மணிக்கூட்டைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கதிரை, மேசையை விலக்குங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். இழுப்பு நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, ஒன்று முடிந்து உணர்வு திரும்புமுன் இன்னொன்று வந்தாலோ, முதல் தடவையாக வந்தாலோ, காயம் பட்டாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ 911ஐ அழையுங்கள். அவர் தெளியும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.

நல்ல மனம் போதாது

இதெல்லாம் நல்ல மனம் உள்ளவர்களுக்குத் தானாகத் தெரியாதா என்று ஒரு தம்பி கேட்டார். அதற்கு இந்த நகரத்தின் கதையையே சொல்லலாம்.

மொன்றியலின் வடகிழக்கில், ரிவியேர் டெ ப்ரேரியில், மோன் ப்ரொவிடான்ஸ் என்ற பிள்ளைகள் இல்லம் இருந்தது. 1954இல் அது மனநல வைத்தியசாலையாக மாற்றப்பட்டது. பிள்ளைகள் இல்லத்தைவிட மனநல வைத்தியசாலைக்குக் கிடைக்கும் அரச பணம் அதிகம். பெற்றோர் இல்லாத, அல்லது திருமணம் ஆகாத தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்தக் காலத்தில் கியூபெக் எங்கும் "மூளை வளர்ச்சி குறைந்தவர்கள்" என்று பொய்யாகப் பதியப்பட்டார்கள். அவர்களின் படிப்பு நின்றது. அன்றைய முதல்வரின் பெயரால் அவர்களை "டுப்ளெசி அநாதைகள்" என்கிறார்கள். அவர்களை வைத்திருந்த இடங்களில் பலவற்றை நடத்தியவர்கள், தங்களைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்த துறவிகள். 1999இல் கியூபெக் அரசு மன்னிப்புக் கேட்டது. 2001இல் இழப்பீடு அறிவித்தது. குறைபாடு இல்லாத பிள்ளைகள் அங்கே அடைக்கப்பட்டார்கள் என்பது ஒரு அநியாயம். குறைபாடு உள்ள பிள்ளைகள் அங்கே அப்படித்தான் வாழவேண்டும் என்று எல்லோரும் நினைத்தது இன்னொரு அநியாயம்.

இன்னொரு கதை மனதுக்கு இன்னும் கடினமானது. கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ஜோர்ஜ் வனியேயின் மகன் ஜான் வனியே, 1964இல் பிரான்சில் அறிவுசார் குறைபாடு உள்ள இருவரைத் தன்னோடு வாழ அழைத்து லார்ஷ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். லார்ஷ் என்றால் பேழை. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் வாழும் இல்லங்கள் உலகம் எங்கும் பரவின. மொன்றியலில் உண்டு. 1970இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் தொடங்கியது. பின்னர் சென்னைக்கும் வந்தது. எத்தனையோ பேர் அவரைப் பரிசுத்தவான் என்றே நினைத்தார்கள். 2019இல் அவர் இறந்தார். 2020இல் லார்ஷ் தானே கேட்டு நடத்துவித்த விசாரணை, ஆன்மீக ஆலோசனை என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகத் தவறாகப் பயன்படுத்தியதை வெளிப்படுத்தியது. 2023 அறிக்கை குறைந்தது 25 பெண்களைப் பற்றிச் சொன்னது. அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ள எவரும் அடையாளம் காணப்படவில்லை. ஆனாலும் பாடம் தெளிவு. ஒரு மனிதரின் நல்ல பெயர் மட்டும் யாருக்கும் காவல் ஆகாது. லார்ஷ் இல்லங்களின் வேலை தொடர்கிறது. அந்த உண்மையை மூடி மறைக்காமல் வெளியே சொன்னவர்களும் அவர்களே.

ஆகவே பயிற்சியில் விதிகளும் வருகின்றன. பொலிஸ் சான்றிதழ், எழுதிவைக்கும் குறிப்பேடு, யாரிடம் முறையிடலாம் என்ற அறிவு. 2017 முதல் கியூபெக்கில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. சுகாதார நிலையங்கள் தம் பராமரிப்பில் உள்ளவர்கள் துன்புறுத்தப்படாமல் காக்க எழுத்திலான கொள்கை வைத்திருக்கவேண்டும். சந்தேகப்படுவதற்காக அல்ல இந்த விதிகள். சொல்லத் தெரியாதவருக்காக முன்கூட்டியே சொல்லிவைப்பது இது. எங்கள் ஞாயிறு பாடசாலைக்கும் இது பொருந்தும்.

அம்மாவும் ஆசிரியை

விதிகளையும் முறைகளையும் வகுப்பில் கற்கலாம். ஆனால் "பாய்" என்றால் பால் என்பதை எந்தக் கல்லூரியும் கற்பிக்காது. அதைத் தெரிந்தவர் ஒருவர்தான்.

இதை வேலூர் நன்றாக அறிந்திருந்தது. கனடாவிலிருந்து மிஷனரியாகப் போன மனநல வைத்தியர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ், 1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தைப் பாகாயத்தில் தொடங்கினார். நோயாளியைத் தனியே அடைத்துவைக்காமல், குடும்பத்தவரும் கூடவே தங்குவது அங்கே வழக்கமானது. அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில், வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளோடு தாய்மாரும் வந்து தங்கி, பயிற்சி முறைகளைத் தாங்களே கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே தாய் கற்பவராகவும் இருக்கிறார், கற்பிப்பவராகவும் இருக்கிறார்.

கியூபெக்கில் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலை 21 வயதுவரை உண்டு. அதன்பின் பலருக்கு நாள் முழுவதும் வீடும் அம்மாவும்தான். அந்த அம்மாவின் தலைக்குள் இருக்கும் அகராதியைத் தாளில் இறக்கவேண்டும் என்று அக்கா சொன்னார். ஒரு முழுச் சனிக்கிழமை அன்ரியோடு இருந்து நாலு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் செய்தோம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும், தமிழ்ச் சொல்லின் ஒலியை அவர்களுடைய எழுத்திலேயே எழுதி.

முதல் பக்கம் அவருக்குப் பிடித்தவை: சூடான பால், சீனி ஒரு கரண்டி; கைதட்டும் பாட்டு; மெற்றோவில் முதல் பெட்டி. இரண்டாம் பக்கம் அவருடைய சொற்கள். "பாய்" பால். "தா" தண்ணீர். "மா" என்றால் அம்மா மட்டுமல்ல, வலி என்றும் பொருள். அவர் தொடும் இடத்தைப் பார்க்கவேண்டும். மூன்றாம் பக்கம் பயப்படுபவை: தலைமயிர் வெட்டும் மெஷின், பின்னால் இருந்து தொடுவது. நாலாம் பக்கம் மருந்துகள், ஒவ்வாமை, வைத்தியர், யாரை அழைப்பது.

எழுதும்போது அண்ணாவும் கூட இருந்தார். பட்டியலில் கிரிக்கெட் என்று அன்ரி சொன்னார். அண்ணா தலையாட்டி மறுத்தார். "எத்தினை வருஷமாய் அப்பாவோடை இருந்து பாக்கிறவன்!" என்று அன்ரி ஆச்சரியப்பட்டார். அப்பாவுக்காக அவர் பார்த்திருக்கிறார் போலும். கிரிக்கெட்டை அழித்துவிட்டோம்.

இந்த வேலைக்கு வர விரும்பினால்

வாலிபரே, உங்களில் சிலர் இன்னும் என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று வருட சேஜெப் படிப்பாக இது இருக்கிறது. ஆங்கிலத்தில் வனியே கல்லூரியில் விசேட பராமரிப்பு ஆலோசனை. பிரெஞ்சில் வியூ மொன்றியல், மரி விக்டோரின் சேஜெப்களில் விசேட கல்வி. ப்ரெபோசே ஆக 870 மணித்தியாலத் தொழிற்பயிற்சி. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில், முதியோர் இல்லங்களுக்காக 10,000 பேரை அழைத்து, சம்பளத்தோடு 375 மணித்தியாலத்தில் அரசு அவசரப் பயிற்சி கொடுத்தது. எங்கள் ப்ரெபோசே அண்ணன் அப்படி வந்தவர்தான். "தூக்கவும் குளிப்பாட்டவும் அங்கை படிச்சன். காத்திருக்கிறதை இவையளிட்டைத்தான் படிச்சன்" என்றார்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உதவி தேடுவதற்கு முதல் வாசல் உங்கள் பகுதி சிஎல்எஸ்சி. அங்கே பதிந்தால்தான் மற்றச் சேவைகளுக்கு வழி திறக்கும். வரிசை நீளம், ஆகவே தேவை வரும்வரை காத்திராமல் இப்போதே பதியுங்கள். பிரெஞ்சில் கதைக்கத் தயங்கினால் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். கூட வருவோம்.

போன மாதம் அன்ரி தன் தங்கையைப் பார்க்க ரொறன்ரோவுக்கு மூன்று நாள் போனார். நோய்க்காக இல்லாமல், ஆசைக்காகத் தனியே போன முதல் பயணம். அண்ணா அதே தற்காலிக இல்லத்தில் தங்கினார். சிறு புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தை அங்குள்ளவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார்கள். முதல் நாள் காலை அங்கிருந்து அன்ரிக்கு ஒரு அழைப்பு வந்தது. பயந்துகொண்டே எடுத்தாராம். மறுமுனையில் வேலை செய்யும் பெண், தன் பிரெஞ்சு நாவால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பாலுக்குச் சீனி குவித்த கரண்டியா, மட்டமான கரண்டியா?

குவித்த கரண்டி என்று புத்தகத்தில் இப்போது திருத்தியிருக்கிறோம். வெற்றுப் பிரதிகள் ஆலய வாசல் மேசையில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் தேவையானால் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். நிரப்ப உதவி வேண்டுமானால் சனிக்கிழமைகளில் கீழ் மண்டபத்தில் இருப்போம். வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவரிடமும் கேட்கவேண்டும்.